420-க்கு இருபது வரி, 135-க்கு ஒரே வரி

ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன். தொகைகளை அப்படியே போட்டால் தெரிந்தவர்கள் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் அவருடைய மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதே விகிதத்தில் மாற்றியிருக்கிறேன்.

“எனக்கு 41 வயது. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 16 வருடமாக வேலை பார்க்கிறேன். கணவரும் வேலைக்குப் போகிறார். ஒன்பது வயதில் ஒன்று, ஐந்து வயதில் ஒன்று என இரண்டு குழந்தைகள். மாமியார் எங்களோடு இருக்கிறார். வாடகை வீடு, வாடகை 35. கடன் எதுவும் இல்லை.

கல்லூரித் தோழிகள் ஏழு பேர் போன மாதம் சந்தித்தோம். பேச்சுவாக்கில் ஒருத்தி, ‘இத்தனை வருஷமாகப் பழகுகிறோம், யாருக்கு எவ்வளவு வருகிறது, எப்படிச் சமாளிக்கிறோம் என்று ஒருமுறை மனம்விட்டுச் சொல்லிக்கொண்டால் என்ன?’ என்றாள். எல்லோரும் சொன்னோம். நான் என் 100-ஐயும் கணவரின் 80-ஐயும் சொன்னேன். ஒருத்தி 420 என்றாள். கல்லூரியில் என் நோட்டைப் பார்த்து எழுதியவள் அவள்! அவளே, மாதக் கடைசியில் தனக்கும் இழுபறிதான் என்று கண்கலங்கினாள். கணவர் வேலையை விட்டுவிட்டாராம். பதினான்கு வயதுக்கு மேல் மூன்று பிள்ளைகள், அவளுடைய அப்பா அம்மாவும் கூடவே. வீட்டுக் கடன் தவணை மட்டும் 190. எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இன்னொருத்தி 70 தான் வாங்குகிறாள். தனியாக, பெற்றோர் விட்டுப்போன வீட்டில் இருக்கிறாள். ‘எனக்குப் போதுமாக இருக்கு’ என்று சிரித்தாள். என்னைப் போலவே கணக்குப் பிரிவில் இருப்பவள், என்னைவிட ஒரு வருடம் அனுபவம் குறைவு, 135 என்றாள். மற்ற மூவரும் 110-லிருந்து 200 வரை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து தூக்கம் இல்லை. கணவரிடம் சொன்னபோது, ‘என் சம்பளத்தைச் சொல்ல உனக்கு யார் உரிமை கொடுத்தது?’ என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. நாங்கள் பின்தங்கிவிட்டோமா? சம்பளத்தை வெளியே சொன்னது தவறா? இதை வருடாவருடம் செய்யலாம் என்கிறார்கள். அடுத்த மாதச் சந்திப்புக்கு நான் போகவா, வேண்டாமா?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை கையில் பென்சிலோடு. 420 வாங்கும் தோழியைப் பற்றி இருபது வரிக்கு மேல் எழுதியிருக்கிறீர்கள். அவள் கல்லூரியில் எப்படி இருந்தாள், என்ன மதிப்பெண் வாங்கினாள், இப்போது என்ன பை வைத்திருக்கிறாள் என்பது வரை. (மேலே பெரும்பாலும் வெட்டிவிட்டேன், மன்னிக்கவும்.) 135 வாங்கும் தோழியைப் பற்றி ஒரே ஒரு வரி. என் பதிலில் இது தலைகீழாக இருக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் 420 தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கும்போது 135 பற்றி நான் எதைச் சொன்னாலும் காதில் ஏறாது. அதனால் முதலில் 420-ஐ முடித்துவிடுவோம்.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர். ஒரு நிறுவனத்தின் விற்பனைத் தொகையை மட்டும் காட்டி, “இது நல்ல நிறுவனமா?” என்று யாராவது கேட்டால் சிரிப்பீர்கள். செலவு எங்கே, கடன் எங்கே, எத்தனை பேருக்குச் சம்பளம் போகிறது என்று கேட்பீர்கள். தோழியின் 420 வெறும் விற்பனைத் தொகை. அதைக் கேட்டு நீங்கள் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறீர்கள்.

வெவ்வேறு அளவுள்ள குடும்பங்களின் வருமானத்தை ஒப்பிடப் பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் பெயரால் அறியப்படும் இந்த அளவுகோலை ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவரத் துறை இன்றும் பயன்படுத்துகிறது. வீட்டில் முதல் பெரியவருக்கு 1. அதற்குப் பிறகு 14 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவருக்கும் 0.5. 14 வயதுக்குக் கீழே உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் 0.3. இரண்டாவது ஆளுக்கு ஏன் முழு 1 இல்லை என்றால், அவர் வந்ததால் இரண்டாவது அடுப்போ இரண்டாவது கூரையோ தேவைப்படுவதில்லை. வீட்டின் மொத்த வருமானத்தை இந்தக் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான்.

போட்டுப் பார்ப்போம். உங்கள் வீட்டில் நீங்கள் 1, கணவர் 0.5, மாமியார் 0.5, இரண்டு குழந்தைகளுக்கு 0.6. மொத்தம் 2.6. வருமானம் 180. வகுத்தால் 69. தோழி வீட்டில் அவள் 1, கணவர், மூன்று பிள்ளைகள், அப்பா, அம்மா என்று ஆறு பேருக்கு 3. மொத்தம் 4. வருமானம் 420. வகுத்தால் 105. நான்கு மடங்குக்கு மேல் என்று நீங்கள் நினைத்த வித்தியாசம் இப்போது ஒன்றரை மடங்கு.

இன்னும் ஒரு படி போகலாம். தலைக்கு மேல் கூரை இருப்பதற்காக மாதாமாதம் போவதைக் கழித்துவிட்டு வகுத்துப் பாருங்கள். உங்களுக்கு 180-இல் வாடகை 35 போக 145, அதை 2.6-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 56. அவளுக்கு 420-இல் தவணை 190 போக 230, நான்கால் வகுத்தால் 57.5.

ஐம்பத்தாறு, ஐம்பத்தேழரை. மாதக் கடைசியில் இழுபறி என்று அவள் கண்கலங்கியது நடிப்பில்லை. உங்கள் எரிச்சலை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அவளை நம்புங்கள்.

இந்தக் கணக்கில் ஓட்டை இல்லாமல் இல்லை. தவணை முடியும்போது அவள் கையில் ஒரு வீடு இருக்கும், உங்கள் வாடகை போனது போனதுதான். அது நிஜமான வித்தியாசம், அதை மறைக்க மாட்டேன். மறுபக்கம், ஏழு உயிர்கள் ஒரே ஒருத்தியின் சம்பளத்தில் நிற்கின்றன. நாளைக்கு அவளுக்கு உடம்பு முடியாமல் போனாலோ வேலை போனாலோ அந்த வீட்டின் வருமானம் பூஜ்யம், தவணை மட்டும் அதே 190. உங்கள் வீட்டில் ஒருவர் சம்பளம் நின்றால் இன்னொருவருடையது வரும். அந்த நிம்மதிக்குச் சம்பளச் சீட்டில் இடம் கிடையாது.

சரி, அந்த 70 வாங்கும் தோழி? தனி ஆள், வாடகையும் இல்லை, தவணையும் இல்லை. 70-ஐ ஒன்றால் வகுத்தால் 70. நான் கணக்குப் போட்ட மூவரில் கூடுதல் அவளுக்குத்தான். அவள் சிரித்ததை நீங்கள் பெருந்தன்மை என்று எழுதியிருந்தீர்கள். பெருந்தன்மையாகவும் இருக்கலாம். கணக்குப்படி பார்த்தால் அவள் சும்மா உண்மையைத்தான் சொன்னாள்.

பண விஷயத்தில் ஆலோசனை சொல்லும் இந்த வேலையில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். எதிரே உட்காருகிறவர்கள் நோயைச் சொல்வார்கள், மாமியார் மருமகள் சண்டையைச் சொல்வார்கள், சம்பளத்தைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும். அதையும் தாண்டி ஏழு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து எண்ணைச் சொன்னீர்கள் என்பது சாதாரணம் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தைத் துழாவிப் பார்த்தேன், ஏழு பேரில் ஒருவர்கூடக் கையிருப்பு எவ்வளவு என்று சொன்னதாக இல்லை. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை என்றும் சொல்லவில்லை. சொன்ன தொகை பிடித்தம் போகக் கையில் வருவதா, பிடித்தத்துக்கு முந்தையதா என்றுகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. இது ஒன்றிலேயே இருபது முப்பது சதவீதம் அங்கே இங்கே போய்விடும். எல்லாக் கதவையும் திறந்துவிட்டதாக நினைத்தீர்கள். திறந்தது வாசல் கதவு மட்டும்.

கையிருப்பு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சம்பவம். சில வருடங்களுக்கு முன் ஒரே வாரத்தில் இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். ஒருவர் சம்பளம் மற்றவருடையதைப் போல மூன்று மடங்கு. இருவரிடமும் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வியையே கேட்டேன்: நாளையிலிருந்து வருமானம் நின்றுவிட்டால், யாரிடமும் கைநீட்டாமல் எத்தனை மாதம் தாங்குவீர்கள்? குறைவாகச் சம்பாதிப்பவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துப் பதினான்கு மாதம் என்றார். மற்றவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “ஐந்து வாரம் வரும்னு நினைக்கிறேன்” என்றார். அந்த இருவரும் ஒரு கூட்டத்தில் சம்பளத்தைச் சொல்லிக்கொண்டால் யார் தூக்கம் இழப்பார் என்று யோசித்துப் பாருங்கள். பதினான்கு மாதக்காரர்தான்.

இன்னொன்று, வாழ்க்கையில் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பது. 1899-இல் சீபோம் ரவுண்ட்ரீ என்பவர் இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் தொழிலாளர் குடும்பங்களை வீடு வீடாகக் கணக்கெடுத்தார். ஒரு தொழிலாளியின் வாழ்க்கையில் தட்டுப்பாடும் ஓரளவு தாராளமும் மாறி மாறி வருவதை அவர் கண்டார். சிறுபிள்ளையாக இருக்கும்போது தட்டுப்பாடு. சம்பாதிக்கத் தொடங்கியதும் கொஞ்சம் தாராளம். குழந்தைகள் பிறந்து அவை சம்பாதிக்கும் வயது வரும்வரை மறுபடி தட்டுப்பாடு. பிறகு தாராளம். முதுமையில் மீண்டும் தட்டுப்பாடு. நூற்றி இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஆனாலும் என்னிடம் வருகிறவர்களின் நோட்டுகளில் இந்த ஏற்ற இறக்கம் அப்படியே தெரிகிறது. ஐந்து வயதுக் குழந்தையும் முதியவரும் ஒரே வீட்டில் இருக்கும் நீங்கள் இரண்டு தட்டுப்பாட்டையும் ஒரே நேரத்தில் சுமக்கிறீர்கள். ‘பின்தங்கிவிட்டோமா’ என்று இந்தக் கட்டத்தில் கேட்பது, மேட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போது வண்டியின் வேகத்தைக் குறைசொல்வது மாதிரி.

இவ்வளவும் படித்த பிறகும் உங்களுக்கு உள்ளே கொஞ்சம் எரியும். தெரியும். கணக்கு மூளைக்குப் போகும், எரிச்சல் வேறு இடத்தில் இருக்கிறது. 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், ஹார்வர்டின் பொதுச் சுகாதாரப் பள்ளியைச் சேர்ந்த மாணவர்களிடமும் ஊழியர்களிடமும் ஒரு கேள்வி கேட்டார்கள். பொருட்களின் விலை இரண்டிலும் ஒன்றுதான். முதல் உலகத்தில் உங்களுக்கு 50 ஆயிரம், மற்றவர்களுக்கு 25 ஆயிரம். இரண்டாவதில் உங்களுக்கு 1 லட்சம், மற்றவர்களுக்கு 2 லட்சம். எது வேண்டும்? ஏறத்தாழப் பாதிப் பேர் முதலாவதைக் கேட்டார்கள். பாதி வருமானத்தோடு வாழ்ந்தாலும் பரவாயில்லை, மற்றவர்களைவிட மேலே இருந்தால் போதும். நன்றாகப் படித்தவர்கள், நிதானமாக உட்கார்ந்து, தாளில் எழுதிக் கொடுத்த பதில் இது. ஆக, நீங்கள் கெட்டவர் இல்லை, கூட்டத்தில் ஒருவர். அதே ஆய்வில் எனக்குப் பிடித்த இடம் வேறு: விடுமுறை நாட்களைப் பற்றிக் கேட்டபோது இந்தப் போட்டி மனம் மிகக் குறைவாக இருந்தது. அடுத்தவருக்கு எத்தனை நாள் ஓய்வு கிடைத்தால் என்ன, எனக்கு எத்தனை நாள் என்றுதான் பெரும்பாலோர் பார்த்தார்கள்.

சம்பளத்தை வெளிப்படையாக்கினால் என்ன ஆகும் என்று நாடு முழுக்கவே பார்த்த இடங்களும் உண்டு. பின்லாந்தில் ஒவ்வொரு வருடமும் நவம்பர் தொடக்கத்தில் எல்லோருடைய வரிக்குரிய வருமானமும் பொதுப் பார்வைக்கு வருகிறது. அந்த நாளுக்கு மக்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் ‘பொறாமை நாள்’. நார்வேயில் வரிப் பட்டியல் எப்போதுமே அலுவலகத்தில் போய்ப் பார்க்கக் கூடியதாகத்தான் இருந்தது. 2001-இல் இணையத்துக்கு வந்ததும் யாரும் யாருடையதையும் வீட்டிலிருந்தே தேடலாம் என்றானது. அதன் விளைவை ரிக்கார்டோ பெரெஸ்-டிரூலியா என்ற பொருளாதார ஆய்வாளர் ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டார். அதிக வருமானம் உள்ளவர்களுக்கும் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும் இடையே மகிழ்ச்சியில் இருந்த இடைவெளி 29 சதவீதம் கூடியிருந்தது. காரணம் சம்பளம் மாறியது இல்லை, தெரிந்தது மாறியதுதான். போன மாதம் உங்கள் ஏழு பேருக்குள் நடந்ததும் இதுதான்.

இதைச் சொன்னதும் “பார்த்தீர்களா, மூடி வைப்பதே நல்லது” என்று உங்கள் கணவர் சொல்லக்கூடும். அங்கே நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் வேறோர் இடத்தில் அவர் பக்கம்தான் நிற்கிறேன், அதைச் சொல்லிவிடுகிறேன். 100 உங்களுடையது, சொல்லலாம். 80 அவருடையது. குடும்பத்துக்கே வருகிற பணமாக இருந்தாலும், அந்த எண்ணோடு சேர்ந்து வெளியே போவது அவருடைய பெயர். உங்கள் தோழிகளின் கணவர்களை அவர் எங்காவது சந்திக்க நேரலாம், அவர்களுக்கு அது தெரிந்திருக்கும், தெரிந்திருக்கிறது என்பதும் இவருக்குத் தெரியும். நார்வேயிலும் இந்தச் சிக்கல் வந்தது. 2014-லிருந்து, யார் உங்கள் விவரத்தைத் தேடினார்கள் என்று நீங்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். உடனே தேடுவது கடுமையாகக் குறைந்துவிட்டது. வெளிப்படையாக இருக்கும் நாடே, பார்க்கப்படுகிறவருக்கும் ஒரு பிடி வேண்டும் என்று பத்து வருடத்துக்கு மேல் கழித்துத்தான் புரிந்துகொண்டது. நீங்கள் ஒரு சாயங்காலத்தில் தவறியதில் வியப்பில்லை. “உங்களைக் கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் சொன்னது என் தப்பு” என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுங்கள். விளக்கம் சேர்க்காதீர்கள், ‘ஆனால்’ போடாதீர்கள். இரண்டு நாள் கழித்து மேலே உள்ள வகுத்தல் கணக்கை அவரிடம் காட்டுங்கள். 80 என்ற எண் தன்னைச் சிறுமைப்படுத்துகிறது என்று அவர் உள்ளுக்குள் நினைத்திருக்கலாம். அந்தக் கணக்கில் அந்த 80 எவ்வளவு தாங்குகிறது என்பதும் தெரியும்.

இப்போது 135.

அவள் உங்களைப் போலவே கணக்குப் பிரிவு. உங்களைவிட ஒரு வருடம் அனுபவம் குறைவு. வாங்குவது உங்களைவிட 35 கூடுதல். 420 என்பது வேறு தொழில், வேறு வீடு, வேறு பாரம். அதைத் தெரிந்துகொண்டு நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை. 135 அப்படி இல்லை. உங்கள் உழைப்புக்கு வெளியே என்ன விலை என்று யாரோ ஒருவர் இலவசமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நியாயமாக உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்க வேண்டியது இந்த எண்தான்.

கலிபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வு எனக்கு நினைவுக்கு வருகிறது. அங்கே அரசுப் பல்கலைக்கழக ஊழியர்களின் சம்பளத்தை ஒரு செய்தித்தாள் இணையத்தில் போட்டிருந்தது. ஆய்வாளர்கள் நால்வர் ஊழியர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் “இப்படி ஒரு பக்கம் இருக்கிறது” என்று தெரிவித்தார்கள். 2012-இல் முடிவு வெளியானது. தங்கள் துறையிலேயே அதே வகை வேலையில் நடுமட்டத்துக்குக் கீழே வாங்குகிறோம் என்று கண்டவர்களுக்கு மனத்திருப்தி குறைந்தது, வேறு வேலை தேடும் எண்ணம் கூடியது. மேலே இருந்தவர்களுக்குத் திருப்தி ஒன்றும் கூடவில்லை. மனவருத்தம் ஒருபக்கமாகத்தான் பாய்கிறது என்று இதைச் சோகமாகவும் படிக்கலாம். நான் இரண்டாவது பாதியைப் பிடித்துக்கொள்கிறேன்: குறைவாக வாங்குகிறவர் அசைந்து கொடுக்கிறார். தெரியாமலேயே இருந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

சொந்த அனுபவமும் ஒன்று உண்டு. முதல் வேலையில் இருந்தபோது பிரிண்டரில் யாரோ விட்டுப்போன ஒரு தாளில் சம்பளப் பட்டியல் இருந்தது. பக்கத்து மேசைக்காரர், எனக்குப் பிறகு சேர்ந்தவர், என்னைவிடக் கால் பங்கு கூட வாங்கிக்கொண்டிருந்தார். நான் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளுக்குள் குமைந்தேன், மூன்றே மாதத்தில் கோபத்தோடு ராஜினாமா செய்தேன், அதைவிட மோசமான ஓர் இடத்தில் போய்ச் சேர்ந்தேன். பல வருடம் கழித்து அவரைப் பார்த்தபோது, எப்படி உங்களுக்கு மட்டும் அவ்வளவு என்று கேட்டேன். “சேரும்போது இது போதாதுன்னு சொன்னேன், கூட்டிக் கொடுத்தாங்க. நீ கேட்கலையா?” என்றார். அந்த ‘கேட்கலையா’ இன்னும் காதில் இருக்கிறது.

எல்லோருக்கும் அவ்வளவு எளிதாக முடிவதில்லை. அமெரிக்காவில் லில்லி லெட்பெட்டர் என்ற பெண்மணி ஒரு டயர் ஆலையில் 19 வருடம் வேலை பார்த்தார். சம்பளத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்பது அங்கே விதி. பணிக்காலத்தின் முடிவில் யாரோ பெயர் போடாமல் எழுதிவைத்த ஒரு சீட்டைப் பார்த்துத்தான், அதே வேலை பார்க்கும் ஆண்கள் தன்னைவிட எவ்வளவோ கூடுதலாக வாங்குவது அவருக்குத் தெரிந்தது. வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் 2007-இல், புகார் கொடுப்பதற்கான காலக்கெடு தாண்டிவிட்டது என்று தள்ளியது. தெரியாத ஒன்றைப் பற்றி எப்படிக் காலத்தில் புகார் கொடுப்பது? 2009-இல் அவர் பெயராலேயே சட்டத்தைத் திருத்தினார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் 2023-இல் ஒரு நெறிமுறை கொண்டுவந்தது: ஊழியர்கள் தங்கள் சம்பளத்தைச் சொல்லிக்கொள்வதை நிறுவனம் தடுக்கக் கூடாது, வேலைக்கு விண்ணப்பிப்பவருக்குச் சம்பள வரம்பை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதாவது ‘சம்பளத்தைச் சொன்னது தவறா’ என்ற உங்கள் கேள்விக்கு, ஒரே மாதிரி வேலை செய்கிறவர்களிடையே சொல்லிக்கொள்வதைச் சில இடங்களில் சட்டமே காப்பாற்றத் தொடங்கியிருக்கிறது என்பது பதில். உங்கள் பணி ஒப்பந்தத்தில் இதைப் பற்றி ஏதாவது வரி இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தோழியிடம் என்ன கேட்பது? கூட்டத்தில் வேண்டாம், தனியாகப் பேசுங்கள். 135 என்பது கையில் வருவதா, போனஸும் சேர்ந்ததா? வேலை நேரம் எத்தனை? வருட முடிவில் இரவெல்லாம் உட்கார வேண்டியிருக்கிறதா? வெறும் கணக்கு எழுதுவது மட்டுமா, வரித் தாக்கல், தணிக்கை எல்லாம் அவள் தலையில்தானா? அப்புறம் முக்கியமானது: இந்தச் சம்பளம் நிறுவனம் மாறியதால் வந்ததா, கேட்டதால் வந்ததா, படிப்பு ஏதாவது சேர்த்ததால் வந்ததா? பொறாமையோடு கேட்டால் பதில் சுருங்கிவிடும். “எனக்கும் கேட்கணும்னு இருக்கு, எப்படிக் கேட்ட?” என்று ஆரம்பியுங்கள். தன் சாமர்த்தியத்தை விளக்கச் சொன்னால் விளக்காதவர்கள் குறைவு.

அந்த 35-இல் பாதி கூடுதல் நேரத்துக்காக என்று தெரியவரலாம். அப்போது உங்கள் சம்பளம் நீங்கள் நினைத்த அளவு மோசமில்லை. அப்படி இல்லை என்றால் உங்கள் மேலாளரிடம் நேரம் கேளுங்கள். “என் தோழி இவ்வளவு வாங்குகிறாள்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது அவளையும் மாட்டிவிடும், அவருக்கும் உடனே தட்டிவிட வழி கொடுக்கும். கடந்த மூன்று வருடத்தில் உங்கள் மேசைக்கு வந்து சேர்ந்த வேலைகளை எழுதிக்கொண்டு போங்கள். இதே பொறுப்புக்கு வெளியே தரும் வரம்பு இது என்று, வேலை விளம்பரங்கள் நாலைந்தைப் பார்த்து உறுதிசெய்த பிறகு, ஒரு எண்ணைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். நம்மில் பலர் எண்ணைச் சொன்ன அடுத்த நொடியே “இல்லாட்டி கொஞ்சம் குறைச்சுக்கூட...” என்று நாமே இறங்கிவிடுவோம். முடியாது என்று அவர் சொன்னால், என்ன செய்தால் எப்போது முடியும் என்று கேட்டு, அந்தப் பதிலை அன்றைக்கே ஒரு மின்னஞ்சலில் அவருக்கு எழுதி அனுப்பிவிடுங்கள். அதுவும் நடக்கவில்லை என்றால் வெளியே விண்ணப்பிப்பதுதான். என் மாதிரி கோபத்தில் முதலில் ராஜினாமா, பிறகு தேடல் என்று வேண்டாம்.

உங்களுக்கு 135 கிடைக்க வேண்டாம், 120 கிடைத்தாலே வீட்டு வருமானம் 200. வாடகை போக 165, அதை 2.6-ஆல் வகுத்தால் 63 சொச்சம். 420 தோழியின் 57.5-ஐத் தாண்டிவிடுகிறீர்கள். (ஒப்பிடாதீர்கள் என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு நானே ஒப்பிடுகிறேன். எனக்கும் அந்த ஹார்வர்ட் ஆட்களின் புத்திதான் போலிருக்கிறது.)

அடுத்த மாதம் போங்கள். ஆனால் மறுபடி எண் சொல்லும் சுற்று வேண்டாம் என்று நீங்களே சொல்லலாம். எவ்வளவு வருகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தாயிற்று, எப்படிச் சமாளிக்கிறோம் என்ற பாதிதான் இன்னும் பேசப்படவில்லை. எத்தனை மாதம் தாங்குவோம் என்ற கேள்வியை அங்கே போடுங்கள். தொகை வேண்டாம், மாதக் கணக்கு மட்டும் போதும். 420 தோழியின் தவணைக்கு வட்டி விகிதம் என்ன, வேறு வங்கிக்கு மாற்றினால் குறையுமா என்று கணக்கு தெரிந்த நீங்களும் 135 தோழியும் உட்கார்ந்து பார்த்துக் கொடுக்கலாம். அவளிடம் ஆயுள் காப்பீடு இருக்கிறதா என்றும் கட்டாயம் கேளுங்கள், ஆறு பேர் அவளை நம்பி இருக்கிறார்கள். 70 தோழியிடம் ஒன்று கேட்கலாம்: அவளுக்குப் பெற்றோர் விட்டுப்போன கூரை இருக்கிறது, முதுமைக்கு என்ன வைத்திருக்கிறாள்? இன்றைக்கு மூவரில் கூடுதலாக இருப்பவள் அவள்தான், ஆனால் தனி ஆளுக்கு ரவுண்ட்ரீ சொன்ன அந்தக் கடைசித் தட்டுப்பாடு கொஞ்சம் கனமாக வரும்.

135 தோழியை மட்டும் அதற்கு முன்பே, இந்த வாரத்திலேயே கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். என்ன சொன்னாள் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.